‘எதிர்ப்புச் சக்தி கூட்டும்’ என்றால் எத்தனை மில்லிகிராம்? உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் அறிவியல் குழுவினருக்கும்,

வணக்கம். உணவியல், மருந்தியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் பணியாற்றுபவர்கள் நாங்கள். சத்து மாத்திரை, பானம், ஜெல்லி மிட்டாய், சூரணப் பொடி எதுவானாலும், டப்பாவின் முகப்பில் ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று பொத்தாம்பொதுவாக அச்சிட அனுமதிக்காதீர்கள். எந்தச் சத்து, எத்தனை மில்லிகிராம், யாருக்கு என்பதை எழுத வையுங்கள்.

வெள்ளணுக்கள், எதிர்ப்பொருள்கள், குடலின் உட்சவ்வு, தோல் என்று பலவும் சேர்ந்து செய்யும் வேலைதான் நோய் எதிர்ப்பு. மொத்தமாகக் ‘கூடிவிட்டது’ என்று காட்ட ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. சத்துக் குறைந்தவருக்குக் குறையை நிரப்பினால் அந்த வேலை சீராகும் என்பது உறுதியான அறிவியல். போதுமான அளவு இருப்பவருக்கு இன்னும் கொடுத்தால் அதே விகிதத்தில் பலன் ஏறும் என்பதற்குச் சான்று இல்லை.

வைட்டமின் சி-யைப் பாருங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2013இல் வெளியிட்ட மீளாய்வின்படி, தினமும் சாப்பிட்டு வந்தாலும் பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு 8%, குழந்தைகளுக்கு 14% குறைந்தது. சளி பிடித்த பிறகு தொடங்கியவர்களுக்கு நிலையான பலன் இல்லை. ஆனால் மாத்திரை விற்பதே பெரும்பாலும் மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகுதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளைக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65 மி.கி. போதும். நடுத்தர அளவுக் கொய்யா ஒன்றே இதைத் தாண்டிக் கொடுத்துவிடும்.

ஜிங்க் விஷயம்தான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. ‘ஜிங்க் குளுக்கோனேட் 50 மி.கி.’ என்று அட்டையில் இருந்தால் அந்த உப்பில் தனிமமாக இருக்கும் ஜிங்க் ஏறத்தாழ 7 மி.கி. மட்டுமே. ‘ஜிங்க் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 220 மி.கி.’ என்று இருந்தால் அது 50 மி.கி. உப்பின் எடையைப் போடுகிறார்களா, தனிமத்தின் எடையையா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. பெரியவர்களுக்கான உச்ச வரம்பு நாளைக்கு 40 மி.கி. ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக வரம்புக்குள் இருக்கலாம். மல்டிவைட்டமின், சி-யும் ஜிங்க்கும் கலந்த மாத்திரை, ‘இம்யூனிட்டி’ பானம் மூன்றையும் ஒரே வீட்டில் ஒருவரே சாப்பிடும்போது கூட்டுத்தொகை எங்கே போய் நிற்கும்? வாரக்கணக்கில் 50 மி.கி. அளவில் உள்ளே போனால் குடல் செம்பை உறிஞ்சுவது தடைப்படும். செம்பு குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்களில் நியூட்ரோபில்கள் குறையும். எதற்காக வாங்கினாரோ அதுவே தேய்ந்துபோகும். தவிர, சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்த்து விழுங்கினால் ஜிங்க் அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக மருந்தைச் சாப்பிட வேண்டும் என்ற ஒரு வரியை அட்டையில் போட இடமில்லாமல் போகாது.

அதே ஜிங்க், தேவைப்படும் இடத்தில் உயிர் காக்கிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலோடு தினம் 20 மி.கி., ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மி.கி., 10 முதல் 14 நாட்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சொன்னார்கள். அளவும் ஆளும் காலமும் அதில் தெளிவாக இருக்கின்றன. நாங்கள் கேட்கும் தெளிவு இதுதான்.

அடுத்தது மஞ்சள். சமையலில் சேரும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளில் அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் சுமார் 50 மி.கி. இருக்கும். 95% செறிவுள்ள 500 மி.கி. கேப்ஸ்யூலில் அது 475 மி.கி. போதாக்குறைக்கு மிளகிலிருந்து பிரித்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் பெங்களூரு ஆய்வில் 2 கிராம் குர்குமினுடன் 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது உறிஞ்சுதல் 20 மடங்கு ஆனது. பைப்பரின் குர்குமினோடு நின்றுவிடுவதில்லை. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் ரத்த அளவையும் ஏற்றும். இத்தாலியில் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புகள் பதிவானதும் 2019இல் அரசு எச்சரித்தது. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு, இது வேறு. ‘நம்ம பாட்டி வைத்தியம்தானே’ என்று விளம்பரம் இரண்டையும் ஒன்றாக்குவதைத் தடுக்க வேண்டும். சீந்தில் கொடியிலும் இதே எச்சரிக்கை தேவை: 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டவர்களிடம் கல்லீரல் அழற்சியைப் பதிவுசெய்தார்கள். தன்னுடல் தாக்குநோய் (எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள் தவிர்க்கவும் என்று முகப்பிலேயே இருக்க வேண்டும்.

உயிருள்ள நல்ல நுண்ணுயிரிகள் சேர்த்த புரோபயாட்டிக் பொருளில், லாக்டோபேசில்லஸ் என்று பாக்டீரியாவின் பொதுப்பெயரை மட்டும் எழுதுவது முகவரியில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவது மாதிரி. பலன் குறிப்பிட்ட ரகத்துக்கு உரியது. ரகக் குறியீடு வேண்டும். உயிருள்ள நுண்ணுயிரிகளின் எண்ணிக்கையையும் தயாரித்த நாளுக்குச் சொல்லாமல் காலாவதி நாளுக்குச் சொல்ல வேண்டும். மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் வரும் டப்பாவில் உயிரோடு எஞ்சுவது எவ்வளவு என்பதே கேள்வி.

செய்ய முடியாததை நாங்கள் கேட்கவில்லை. ‘வைட்டமின் சி நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இயல்பான செயல்பாட்டுக்குப் பங்களிக்கிறது’ என்ற அளவில்தான் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. அதையும் திட உணவில் 100 கிராமுக்குக் குறைந்தது 12 மி.கி. இருந்தால்தான் போடலாம். ஜப்பானில் 2024இல் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளால் சிறுநீரகங்கள் பழுதான பிறகு, பாதிப்புகளை அரசுக்குத் தெரிவிப்பதை உற்பத்தியாளர்களின் கடமையாக்கினார்கள். இங்கே மருந்துகளின் பக்கவிளைவைத் தெரிவிக்க 2010 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. சத்து மாத்திரைகளின் பாதிப்பையும் அப்படித் தெரிவிக்க ஒரு தொலைபேசி எண்ணை அட்டையிலேயே அச்சிடச் செய்யுங்கள். எச்சரிக்கை வரிகளை ஆங்கிலம் அல்லது இந்தியோடு நிறுத்தாமல், விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும், விளம்பர வாசகத்தின் எழுத்தளவில் பாதிக்குக் குறையாமலும் போட உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல், மருந்தியல், உணவுத் தொழில்நுட்பத் துறையினர்