கிளென்வே செல்லும் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளென்வே தேசியப் பூங்காவுக்குச் செல்லவிருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் வடமேற்கில், டோனிகால் மாவட்டத்து டெரிவே மலைகளுக்கு நடுவே 16,000 ஹெக்டேர் அளவில் விரிந்து கிடக்கும் இந்தப் பூங்காவில் நடந்து திரும்பியவன் என்ற முறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன்: பாதையில் சேறு குறுக்கிட்டால் அதைச் சுற்றிப் போகாதீர்கள், சேற்றிலேயே கால்வைத்துக் கடந்து செல்லுங்கள்.

சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு திருப்பத்தில், காலணி நனையக் கூடாதென்று ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கி நடந்ததில், ஓரடிப் பாதை ஐந்தாறு அடி அகலத்துக்குக் கறுத்துக் குழைந்து கிடந்ததைப் பார்த்தேன். விளிம்பில் பதிந்த ஒரு தடத்துக்குள் பழுப்பு நீர் ஊறி நின்றது; அதன் ஓரத்தில் அழுகண்ணிச் செடியொன்று, சிவந்த மயிர் நுனிகளில் பசைத்துளிகள் இன்னும் மின்ன, பாதி நசுங்கிக் கிடந்தது.

அந்தக் கரிய நிலம் வெறும் சேறன்று. ஸ்பாக்னம் என்னும் பாசி தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அடியில் காற்று நுழைவதில்லை. அதனால் முழுதும் மட்காத செடிகள், பீட் என்னும் கரிமண்ணாக, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் படிகின்றன. ஒரு சாண் ஆழம் புதையும் கால், இருநூறு ஆண்டுப் படிவைக் குலைத்துவிடுகிறது. பாசி கிழிந்த இடத்தில் மழைநீர் வழிந்தோடத் தொடங்கினால், அந்தக் கரிமண் அரிக்கப்பட்டு, பூங்காவிலுள்ள ஏரிக்குப் போய்விடும். தீயும் அப்படித்தான், கரிமண்ணுக்குள் இறங்கினால் நாட்கணக்கில் கனலும் என்பதால், எங்கும் அடுப்பு மூட்டாதீர்கள்.

பாதையை விட்டு விலகாதிருப்பது விலங்குகளுக்கும் நல்லது. ஜூன் மாதத்தில் செம்மான்கள் தம் குட்டியைப் புதருக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். தனியே கிடக்கும் குட்டி கைவிடப்பட்டதன்று, அதைத் தொடவே கூடாது. துப்பாக்கியாலும் நஞ்சாலும் அயர்லாந்திலிருந்தே அழிக்கப்பட்ட பொன்னிறக் கழுகுகளை, ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து 2001 முதல் இங்கே பறக்கவிட்டார்கள். 2007-இல்தான் அவற்றின் முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. பாறைமுகட்டுக் கூட்டருகே மனிதர் நடமாடினால் அவை கூட்டையே கைவிடக்கூடும். தொலைநோக்கியில் பார்ப்பதே போதும், அதுவே பெரும் பேறு.

ஆகவே, கணுக்காலுக்கு மேல் ஏறும் நீர்புகாக் காலணியை அணிந்து செல்லுங்கள். மாற்றுக் காலுறை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால், அந்தத் திருப்பத்தில் நடுவழியாகவே நடக்கத் தயக்கம் இராது.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு பயணி