மழைக்காலக் குறிப்பை மழைக்கு ஏற்றபடி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை பிறந்ததும் நாளிதழ்களின் இணைப்பிதழ்களில் பலகாரக் குறிப்புகளும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், குடில் செய்யும் முறைகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ஆசையோடு செய்து பார்க்கிறார்கள். குமரி மாவட்டத்தில் அவற்றில் பாதி சரியாக வருவதில்லை. செய்தவர் தன் கைப்பக்குவத்தை நொந்துகொள்கிறார். உண்மையில் பிழை குறிப்பில்தான் இருக்கிறது. அளவு சரியாகச் சொல்லப்படுவதில்லை; வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதத்தின் ஈரத்தை யாரும் கணக்கில் எடுப்பதுமில்லை.

'ஒரு கப் மைதா' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சலித்துக் கரண்டியால் தூவி நிரப்பினால் அது 120 கிராம் வரும். கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரும். நான்கு கப்பில் 120 கிராம் வித்தியாசம். ஒரே குறிப்பைப் பார்த்துச் செய்த இரண்டு வீடுகளில் ஒரு கேக் பஞ்சாகவும் இன்னொன்று செங்கல்லாகவும் வருவது இதனால்தான். ஒரு சின்ன எடை மெஷின் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இங்கே பருவம் தொடங்குவது திருக்கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையில். 500 கிராம் வறுத்த பச்சரிசி மாவு, 300 கிராம் கருப்பட்டி, ஒரு தேங்காயின் துருவல், வறுத்து உடைத்த சிறுபயறு ஒரு கைப்பிடி, சுக்கு, ஏலம். பல குறிப்புகளில் 'பாகு காய்ச்சி ஊற்றவும்' என்று இருக்கிறது. கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சினால் கொழுக்கட்டை கல்லாகிவிடும். மாவு வேகத் தேவையான தண்ணீரைப் பாகே பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். கருப்பட்டி கரைந்து ஒரு கொதி வந்தால் போதும். இறக்கி வடிகட்டி (தூசியும் மணலும் இல்லாத கருப்பட்டி அபூர்வம்), சூடாக மாவில் ஊற்றிப் பிசைய வேண்டும். பனங்குருத்தோலையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மாவை வைத்து மூடி, ஓலை நாராலேயே கட்டி 25 நிமிடம் அவிக்கலாம். கட்டுவதை ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள். ஓலையின் விளிம்பு கையை அறுக்கும் என்பதால் நறுக்குவது பெரியவர் வேலை.

அடுத்தது நட்சத்திரம். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3-இல் முடிந்ததும் வீடுகளில் ஸ்டார் கட்டும் பேச்சு வந்துவிடும். கடையில் வாங்குவது எளிது. ஆனாலும் ஒரு தடவை கட்டிப் பார்த்த பிள்ளைக்கு வடிவக் கணக்கு கையிலேயே பதிந்துவிடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

62 சென்டிமீட்டர் நீளத்தில் பத்துக் குச்சிகள் வேண்டும். மூங்கிலைப் பிளந்தது நல்லது, கமுகும் ஆகும். சுண்டுவிரல் அகலத்தில் பாதி, வளைத்தால் வளையும் கனம். முந்தின நாள் வெட்டிய பச்சை மூங்கிலில் கட்டவே கூடாது. அது உலரும்போது சுருங்கும்; அப்போது நூல் கட்டு தானாகத் தளர்ந்து ஸ்டார் கோணிக்கொள்ளும். வெயில் இல்லாத நாட்களில் அடுப்படிப் பரணில் ஒரு வாரம் கிடந்தால் உலர்ந்துவிடும்.

ஒவ்வொரு குச்சியிலும் இரு முனையிலும் கட்டுக்காக ஒரு சென்டிமீட்டர் விட்டு, மீதி 60-இல் 23, 14, 23 என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகவும் கீழாகவும் மாற்றிக் கோத்து, குச்சிகள் குறுக்கிடும் இடம் எல்லாம் அந்தக் கோட்டில் விழும்படி வைத்தால் ஐந்து முனையும் சமமாக நிற்கும். கோடு போடாமல் கண்ணளவில் கட்டுவதால்தான் ஒரு கால் நீண்டும் ஒரு கால் குட்டையாகவும் வருகிறது. நூல் கட்டுவதற்கு முன் பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டி வைத்தால், பிசகியதை நகர்த்திச் சரி செய்ய முடியும். இப்படி இரண்டு ஸ்டார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் 12 சென்டிமீட்டர் குச்சி ஒவ்வொன்றை நிறுத்திக் கட்டினால் நடுவயிறு உப்பிக்கொள்ளும். முதல் குச்சியை நிறுத்தியதும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அடுத்ததை நிறுத்த வேண்டும். வரிசையாகப் போனால் கடைசிக் குச்சி உள்ளே நுழையாது.

தாள் ஒட்டுவதற்குத் துண்டுகளை முன்பே வெட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் ஐந்து முக்கோணம் (23, 23, 14), நடுவில் 14 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு ஐங்கோணம், பின்பக்கமும் அப்படியே. பக்கவாட்டில் பத்து முக்கோணம் (23, 23, 12). எல்லாவற்றுக்கும் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் மடிப்புக்கு விட வேண்டும். மொத்தம் 22 துண்டு. அதில் மேல் முனைக்குப் பக்கத்திலுள்ள பக்கவாட்டு முக்கோணம் ஒன்றை ஒட்டாமல் விட்டால் பல்பு போடும் வாசல் அதுதான்.

பசை கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒரு பங்கு மரச்சீனி (மரவள்ளி) மாவை எட்டுப் பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கிளற வேண்டும். பால் நிறம் மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்கலாம். மைதாப் பசை காய்ந்தபின் வெள்ளைத் தடம் விடும், இது விடாது. பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் கலப்பது பழைய வழக்கம். துத்தம் விஷம். பிள்ளைகள் விரலால் தொட்டு ஒட்டும் பசையில் அது கூடவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக்கொண்டால் போதும்.

ஈரக் காலத்தில் ஸ்டார் கெடுவது பெரும்பாலும் ஒட்டும் முறையில். பசையைத் தாளில் தடவுகிறார்கள். தாள் நனைந்து நீள்கிறது. அதை இழுத்து ஒட்டுகிறார்கள். காயும்போது அது சுருங்கி நடுவில் கிழிகிறது. பசையைக் குச்சியில் மட்டும் தடவி, தாளை இழுக்காமல் படிய வைத்து, விளிம்பை மடித்து விடுங்கள். பட்டம் செய்யும் மெல்லிய தாளாக இருந்தால், பசை முழுவதும் காய்ந்த பிறகு வாய்க்கும் அளவு நுண்ணிய தூவலாகத் தண்ணீர் தெளித்தால் தானே விறைத்துக்கொள்ளும். சாயம் இறங்கும் தாளில் இதைச் செய்யக் கூடாது. மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணாடிக் காகிதத்துக்கு இந்தப் பசை பிடிக்காது, டேப்தான் வேண்டும். அதோடு மழை ஈரத்தில் அது தொளதொளவென்று தொங்கும். எங்கள் பக்கத்துக்கு அது ஏற்றதில்லை.

பல்பு மூன்று வாட் எல்.இ.டி. போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு தாளைக் கருக்கும். வராந்தாக் கூரைக்கு உள்ளே தொங்கவிடுங்கள். ஹோல்டருக்கு வரும் வயர் ஹோல்டரை விடக் கொஞ்சம் தாழ்ந்து வளைந்து, பிறகு மேலேறி வர வேண்டும். அப்போதுதான் வயர் வழியே ஓடி வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது.

குடிலுக்குப் பச்சைப்புல் வேண்டுமென்றால் 12-ஆம் தேதியே நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் ஈரத்துணியில் கட்டி, 14-இல் தட்டையான தகரத்தில் விதைத்தால் 24-க்குள் விரல் நீளம் வந்துவிடும். கேழ்வரகு இன்னும் சீக்கிரம். தகரத்தின் அடியில் துளை போடாவிட்டால் அழுகும்.

இனி கேக். 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டுக்கு: மைதா 200 கிராம், வெண்ணெய் 200, பொடித்த சீனி 150, முட்டை நான்கு, பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒரு தேக்கரண்டி, உலர்பழம் 300, உடைத்த அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) 50. மசாலைக்குக் கிராம்பு ஐந்து, ஒரு விரற்கடை பட்டை, ஜாதிக்காய் கால். கிராம்பு நம் மலையிலேயே விளைகிறது. மாறாமலை, வெள்ளிமலைப் பக்கத்துக் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதற்கு எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் ஐந்துக்கு மேல் போட்டால் கேக் மருந்து போல மணக்கும்.

நிறத்துக்கு 75 கிராம் சீனியை இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்து, கிளறாமல் காய்ச்ச வேண்டும். தேன் நிறம் தாண்டிக் கட்டன் சாயா (பாலில்லாத் தேநீர்) நிறம் வந்து, முதல் புகை எழும் நொடியில் அடுப்பை அணைத்து, 75 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு முகத்துக்குத் தெறிக்கும். அந்த ஐந்து நிமிடம் பிள்ளைகள் அடுப்படியில் நிற்கவே கூடாது. புகை எழுந்த பிறகும் காத்திருந்தால் கசந்துவிடும். கசந்ததைச் சீனி சேர்த்துச் சரி செய்ய முடியாது, கொட்டிவிட்டுத் திரும்பச் செய்வதே வழி.

பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கும் வீடுகள் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். நம் டிசம்பர் குளிர் பழச்சாற்றுக்குப் போதாது; வெளியே வைத்தால் இரண்டாம் நாளே நுரைத்துப் புளிக்கும். ஊறியதை நன்றாக வடித்து, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிச் சேர்க்க வேண்டும். பழம் அடியில் போய்த் தங்குவதற்குக் காரணம், துண்டு பெரிதாக இருப்பது, சாறு வடியாதது அல்லது மாவு நீர்த்துப்போனது. முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வெண்ணெயில் சேர்த்தால் திரிந்துபோகும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

160 டிகிரியில் 65 முதல் 80 நிமிடம். முதல் 45 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இறுகாத மாவு காற்றுப்பட்டதும் நடுவில் குழிந்துவிடும். ஓவன் இல்லாத வீட்டில் கனமான அலுமினியப் பானையில் ஒரு கிலோ கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, 15 நிமிடம் காய்ந்தபின் தட்டை உள்ளே இறக்கி மிகச் சிறு தீயில் 90 நிமிடம் வைக்கலாம். மூடியில் கோக்கும் நீர் கேக்கின் மேல் சொட்டுவதைத் தடுக்க மூடியைத் துணியால் கட்ட வேண்டும். துணியின் நான்கு முனைகளையும் மூடிக்கு மேலே முடிச்சுப் போடுங்கள். தொங்கவிட்டால் தீப்பிடிக்கும்.

அச்சு முறுக்குக்கு 500 கிராம் பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, வடித்து, இடித்துச் சலிக்க வேண்டும். அந்த மாவு 650 கிராம் வரை நிற்கும். மீதி 150 கிராமும் அரிசி குடித்த தண்ணீர். இதைச் சொல்லாமல் 'அரிசி மாவு அரை கிலோ' என்று எழுதுவதால்தான் பாக்கெட் மாவில் செய்பவர்களுக்குக் கலவை இறுகிப் போகிறது. அவர்கள் 150 மில்லி கூடுதலாக ஊற்ற வேண்டும். இரண்டு முட்டை, 150 கிராம் சீனி, 300 மில்லி தேங்காய்ப்பால், கருப்பு எள், உப்பு. தோசை மாவை விடச் சற்று இளக்கம். புது அச்சை ஓர் இரவு கஞ்சித் தண்ணீரில் போட்டு, மறுநாள் எண்ணெயில் காய்ச்சி எடுத்தால்தான் முறுக்கு விடும். அச்சை முக்கால் உயரம் மட்டும் மாவில் முக்குங்கள். முழுவதும் மூழ்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழன்று வராது. அச்சில் மாவு ஒட்டவே இல்லையென்றால் அச்சின் சூடு போதவில்லை. சுரீரென்று பொரிந்து மாவுப் பாத்திரத்திலேயே விழுந்தால் சூடு கூடிவிட்டது. சீனி அதிகமானால் அச்சில் பிடித்துக் கருகும், மழை ஈரத்தில் ஒரு மணி நேரத்தில் நமத்தும் போகும். முறுக்கு ஆறியதும் உடனே டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும். ஆற அமர அடைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். இருபது நிமிடம் சரியான இடைவெளி.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு போடச் சொல்லும் குறிப்புகளையும் பார்க்கிறோம். இங்கே முந்திரி என்பது திராட்சை. வறுத்துப் பொடித்த சிறுபயறு உருண்டைகளை மும்மூன்றாக ஒட்டி மாவில் முக்கிப் பொரித்தால் திராட்சைக்கொத்து போல இருப்பதால் வந்த பெயர் அது.

பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. மூன்று வயதில் பழம் பொறுக்கலாம், எள் தூவலாம். ஐந்தில் மாவு சலிக்கலாம், தட்டில் வெண்ணெய் தடவலாம். எட்டில் ஸ்டாருக்குக் கோடு போட்டு முடிச்சுப் போடலாம். எண்ணெய்ச் சட்டி எந்த வயதிலும் பெரியவருக்கு. முழு அண்டிப்பருப்பை ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்காமல் பொடித்துப் போடுங்கள், தொண்டையில் அடைக்கும். முட்டை சேர்த்த பச்சை மாவை நக்க விடாதீர்கள்.

இந்த ஆண்டு இணைப்பிதழுக்கு எழுதுபவர்களிடம் தாங்கள் கேட்க வேண்டியது அதிகமில்லை: அளவு கிராமில் இருக்கட்டும், தட்டின் விட்டத்தைச் சொல்லட்டும், மாவு ஈரமாவா உலர்மாவா என்று எழுதட்டும். டிசம்பர் முதல் வாரத்துக்குள் வந்தால் நெல் ஊறவைக்க நாள் இருக்கும்.

இப்படிக்கு,
தக்கலை வாசகர்கள்