விழக் கற்றுக்கொடுக்காமல் கோலில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு,

இந்திய மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்த அதிதி சௌஹானின் ஓய்வையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னையில் பிறந்தவர், 2015-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் மகளிர் அணிக்குப் போனவர், கோகுலம் கேரளா அணியோடு இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றவர் என எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் அவர் திறமையை உயரம், துணிச்சல் என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். 17 ஆண்டுகள் கோல் முன் நிற்க முதலில் விழத் தெரிய வேண்டும். பள்ளி அணிகளில் பெண் கோல்கீப்பர்கள் பாதியிலேயே விலகுவதற்கு, என் கணிப்பில், இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததே பெரிய காரணம்.

பந்து வரும் பக்கத்துக் காலை முன்பக்கம் சாய்வாக ஓரடி வைத்துப் பாய வேண்டும். கெண்டைக்காலின் வெளிப்புறம், தொடை, இடுப்பின் பக்கவாட்டுச் சதை, தோள் என்ற வரிசையில் உடல் தரையைத் தொட வேண்டும். ஒரு கை பந்துக்குப் பின்னால், இன்னொன்று மேலே. தரைதான் மூன்றாவது கை. நம் கட்டாந்தரையில் ஒருமுறை இடுப்பெலும்பில் அடிபட்ட பெண், அடுத்த பந்துக்கு முழங்கையை ஊன்றிவிடுவாள். பந்து நழுவும், தோள் மூட்டும் கெடும். குப்புற விழுந்தாலோ பந்து நெஞ்சில் பட்டுத் தெறித்து எதிரணிக்காரியின் காலுக்கே போகும்.

இதற்குப் புல்தரை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீளம் தாண்டும் மணற்குழி போதும். மணலைக் கிளறிக் கல் பொறுக்கிவிட்டு, முதலில் உட்கார்ந்த நிலையில், பிறகு முழங்காலிட்டு, பிறகு குந்தி, கடைசியாக நின்று விழப் பழக்கலாம். ஒவ்வொரு நிலையிலும் பக்கத்துக்குப் பத்து முறை. வராத பக்கத்துக்கு இருபது. (நடப்பது நேர்மாறு. நன்றாக வரும் பக்கத்துக்கே பந்தைப் போட்டுப் போட்டுப் பாராட்டுகிறோம்.)

பத்து வயதுச் சிறுமியை 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரமுள்ள முழு கோலில் நிறுத்துவது இன்னொரு கொடுமை. தலைக்கு மேல் போகும் பந்துக்கு எகிறி எகிறி, மல்லாந்து விழும் பழக்கம் வந்துவிடும். இரண்டு கம்பு நட்டு கோலைச் சுருக்குங்கள்.

கையுறை பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளங்கைப் பக்கத்து லேடெக்ஸ் ரப்பர் காய்ந்திருந்தால் பந்து வழுக்கும். ஆடும் முன் லேசாக நனைக்க வேண்டும். துவைத்தபின் நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

அதிதியே முழங்காலில் ஏசிஎல் (மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) காயங்களைக் கடந்து வந்தவர்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயத்தின் ஆபத்து அதிகம். உயரப் பந்தைப் பிடித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா என்று பயிற்சியாளர் எதிரே நின்று பார்க்க வேண்டும். சாய்ந்தால், முழங்காலை நேராக முன்னோக்கி மடக்கி இரு காலிலும் இறங்கப் பழக்கிவிட்டுத்தான் மறுபடி பந்து போட வேண்டும். காயங்களைத் தடுக்க ஃபிஃபா வகுத்த 'லெவன் பிளஸ்' வார்ம்அப்புக்கு 20 நிமிடம் ஆகும், தனிக் கருவி எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறையாவது, பந்தைத் தொடும் முன்பே முடித்துவிட வேண்டும்.

– கோல்கீப்பிங் பயிற்சியாளர், மதுரை