பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும்

அன்புள்ள தம்பிக்கு,

உசிலம்பட்டிப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து இதை எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். "பிள்ளைங்க ஒட்டவே மாட்டேங்குறாங்க சார்" என்றாயே, அது உன் குறை இல்லை. சுற்றுப்பட்டில் பல ஊர்களில் நடுநிலைப் பள்ளிதான், எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு நாலு ஊர்ப் பிள்ளைகள் ஒரே அறைக்கு வந்து சேர்கிறார்கள். ஊர் ஊராக உட்கார்ந்தால் அப்புறம் தெருத் தெருவாகவும் உட்காருவார்கள். அது எங்கே போய் நிற்கும் என்று உனக்கே தெரியும். பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறது. தயங்காமல் செய். ஆனால் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் பழகிவிட மாட்டார்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி தாமதமாக வருவான். வெளியே நிற்க வைப்பேன். காரணம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் நோட்டை நீட்டும்போதுதான் அவன் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறை. கையில் மல்லிகை வாசம். பக்கத்துப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கி மொட்டுப் பறிக்கிறானாம். மொட்டு விரிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். முகூர்த்த நாளென்றால் விலை ஏறும், வீட்டில் விட மாட்டார்கள்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

நான் அவர்களைக் கேட்டதே இல்லை, தம்பி. அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது வருகைப்பதிவைச் செயலியில் போடுகிறீர்கள், தலை நிமிராமலே முடித்துவிடலாம். நீ பேர் சொல்லிக் கூப்பிடு, முகத்தைப் பார். ஒருவன் வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவனைக் கேள். தெரியாது என்றால் மறுநாள் விசாரித்து வரச் சொல். முதல் வாரம் முழுக்க "தெரியாது சார்"தான் வரும். என் பிள்ளைகள் மாசம் முடிவதற்குள் நான் கேட்கும் முன்பே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இரு, வீட்டு விஷயத்தை வகுப்பு நடுவில் உடைக்க விடாதே. தனியாக வந்து சொல்லட்டும்.

பூப்பறிக்கிற பையனுக்கு முதல் பீரியட் பாடத்தைப் பக்கத்துப் பையனே எழுதி வைக்க ஆரம்பித்தான். நான் சொல்லவில்லை. வகுப்புக் காலண்டரில் முகூர்த்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்டு, அன்றைக்கு முதல் பீரியடில் புதுப்பாடம் தொடங்காமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

சரி, அடுத்த முறை பேசும்போது மார்க் விவரமெல்லாம் வேண்டாம். சத்துணவு நேரத்தில் யார் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து வை. அதைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்