பத்தாம் வகுப்புக்குப் பரிணாமத்தைத் திருப்பிக் கொடுங்கள்: என்சிஇஆர்டி பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். சிபிஎஸ்இ பள்ளிகளுக்காக நீங்கள் தயாரிக்கும் நூலைத்தான் தினமும் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்று ஓர் அத்தியாயம் இருந்தது. பாடச்சுமையைக் குறைப்பதற்காக 2022இல் நீங்கள் வெளியிட்ட பட்டியலுக்குப் பிறகு அது வெறும் 'பாரம்பரியம்' ஆகிவிட்டது. டார்வினைப் பற்றிய பெட்டிச் செய்தி போய்விட்டது. புதைபடிவங்கள், புதிய இனங்கள் உருவாகும் விதம், மனிதப் பரிணாமம் எல்லாம் போய்விட்டன. உயிர் முதலில் எப்படித் தோன்றியிருக்கலாம் என்று 1929இல் சொன்ன விஞ்ஞானி ஹால்டேனும் போய்விட்டார். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அந்த ஹால்டேன்தான். மெண்டலின் பட்டாணிச் செடியும், பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பது எப்படி முடிவாகிறது என்பதும் மிஞ்சியிருக்கின்றன.

நீங்கள் சொன்ன காரணங்களைப் படித்தேன். கொரோனா காலத்தில் பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் முழு அத்தியாயமாகவே இருக்கிறது என்றீர்கள். மத நம்பிக்கைக்கு இடம் கொடுக்கத்தான் இதை எடுத்தீர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் மக்கள் ஏன் அப்படிச் சந்தேகப்பட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். 2018 ஜனவரியில், மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் சொன்னது அறிவியல்ரீதியாகத் தவறு, குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை விட்டன. அவருடைய மூத்த அமைச்சரே அவரை இப்படிப் பேச வேண்டாம் என்றார். அடுத்த சில ஆண்டுகளில் அதே பாடம் சத்தமில்லாமல் காணாமல் போனால், இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் யார்தான் இருப்பார்கள்? 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, பாடத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். என் காரணங்கள் வகுப்பறையிலிருந்து வருகின்றன.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்ற பதில்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு பத்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு வணிகவியல் போகிறவர்கள், கலைப் பிரிவு போகிறவர்கள், கணினி அறிவியலோடு கணிதம் எடுப்பவர்கள் யாரும் உயிரியல் புத்தகத்தைத் தொடப் போவதில்லை. நாளைக்கு அவர்களில் ஒருவர் நீதிபதி ஆவார், ஒருவர் பத்திரிகையாளர் ஆவார், ஒருவர் கல்வித் துறைக்கே அமைச்சராக வரலாம். உயிர்கள் ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு அறிவியல் சொல்லும் பதிலை வகுப்பறையில் ஒரு முறைகூடக் கேட்காமலே அவர்கள் பள்ளியை முடித்துவிடுவார்கள். எங்கள் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு நூலிலேயே 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடம் உண்டு. ஒரே தெருவில், எதிரெதிர் வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு இது கிடைக்கிறது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் எடுத்துவிட்ட பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது காட்டு முட்டைக்கோஸ். அதை நடத்தும் நாளில் சந்தையிலிருந்து ஒரு முட்டைக்கோஸ், இலையோடு ஒரு காலிஃபிளவர், இலையோடு ஒரு நூல்கோல் வாங்கிப் போய் மேசையில் வைப்பேன். மூன்றும் ஒரே இனச் செடி என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். காலிஃபிளவர் இலையையும் நூல்கோல் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். மெழுகு பூசியதுபோல் மேலே படிந்திருக்கும் அதே சாம்பல் பச்சை, கசக்கி முகர்ந்தால் அதே கடுகு நெடி. இலைகள் நெருங்கி அடுக்கிய செடிகளையே பொறுக்கி விதை எடுத்தவர்களுக்கு முட்டைக்கோஸ் கிடைத்தது. தண்டு பருத்ததைப் பொறுக்கியவர்களுக்கு நூல்கோல், பூ முழுசாக விரியாமல் திரண்டு நின்றதைப் பொறுக்கியவர்களுக்குக் காலிஃபிளவர். விவசாயி தன் கையால் சில நூறு தலைமுறைகளில் இவ்வளவு மாற்ற முடிந்தது. வறட்சியும் நோயும் தின்ன வரும் விலங்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பொறுக்கினால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்பேன். அந்த இடத்தில் வகுப்பு தானாகவே யோசிக்க ஆரம்பிக்கும். இப்போது அந்தப் பக்கம் நூலில் இல்லை. தேர்வுக்கு இல்லாததை நடத்த எந்தப் பள்ளியும் நேரம் ஒதுக்குவதில்லை.

பாடத்தை எடுத்ததால் கேள்விகள் போய்விடவில்லை. "மிஸ், மனுஷன் குரங்குல இருந்து வந்தான்னா இப்ப ஏன் இன்னும் குரங்கு இருக்கு?" என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். வாட்ஸப்பில் வந்ததாகவும், மாமா சொன்னதாகவும் சொல்வார்கள். பங்காளிகள் என்றால் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரே தாத்தாவுக்குப் பிறந்த இரண்டு கிளை. பங்காளி உயிரோடு இருக்கிறான் என்பதற்காக நாம் அவனுக்குப் பிறந்தவர்கள் ஆகிவிடுவோமா? மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. சிம்பன்சியிலிருந்து மனிதன் வரவில்லை, இருவருக்கும் பொது மூதாதை உண்டு என்று உங்கள் பழைய நூலே தெளிவாகச் சொல்லியிருந்தது. அமைச்சர் ஒருவரே தடுமாறிய கேள்விக்கான பதிலை நூலில் வைத்திருந்துவிட்டு நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

நம் ஊரில் இந்த விவாதம் அமெரிக்காவில் போல நேருக்கு நேர் மோதலாக வருவது குறைவு. இங்கே அது இணக்கமான முகத்தோடு வருகிறது. 'பரிணாமம் எங்களுக்கு முன்பே தெரியும், தசாவதாரம் அதுதானே? முதலில் மீன், பிறகு ஆமை, பன்றி, பாதி மனிதன், குள்ள மனிதன், முழு மனிதன்' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். நான் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள். தசாவதாரச் சிற்பங்களுக்கு முன்னால் கைகூப்பி நிற்பவள். அதனாலேயே இது எனக்கு உறுத்துகிறது. அவதாரக் கதை, தர்மம் குலையும்போது இறைவன் இறங்கி வருவதைப் பற்றியது. ஆமையிலிருந்து பன்றி வந்ததாக அந்தக் கதை எங்கும் சொல்லவில்லை. உயிர்கள் எல்லாம் படிப்படியாக உயர்ந்து மனிதனில் வந்து நிற்கின்றன என்று பரிணாம அறிவியலும் சொல்லவில்லை. பரிணாமத்தை முன்னேற்றமாக நினைக்காதே என்று உங்கள் பழைய நூலில் தனியாக ஒரு பகுதியே இருந்தது. வெந்நீர் ஊற்றிலும் அண்டார்க்டிகா பனியிலும் வாழ்கிற பாக்டீரியாவை நம்மைவிடத் தாழ்ந்தது என்று எந்த அளவுகோலால் சொல்வது என்று அந்தப் பகுதியை வைத்துப் பேசலாம். கோயிலும் சரி, அறிவியலும் சரி, இரண்டையும் குழப்பினால் இரண்டுக்கும் நட்டம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் பக்கம்தான் போய்விட்டது.

இதே மனத்தெளிவோடு என் வகுப்பில் விவிலியம் படிக்கும் பிள்ளைக்கும், குர்ஆன் ஓதும் பிள்ளைக்கும் ஒன்று சொல்வேன். கடவுள் உண்டா என்ற கேள்விக்கு இந்த அத்தியாயம் பதில் சொல்லவில்லை. எலும்பு, பாறை அடுக்கு, டிஎன்ஏ ஆகியவற்றை வைத்து என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறது. எந்தப் பெற்றோரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை.

'அப்படியானால் உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புக் கொள்கையையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் சொல்லிக்கொடுங்கள், பிள்ளைகளே முடிவு செய்யட்டும்' என்று சிலர் உங்களிடம் கேட்கக்கூடும். நியாயமாகத் தோன்றும் இந்த யோசனை ஏற்கெனவே நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம், உயிர்களை அறிவுள்ள ஒரு சக்தி வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் இதைச் செய்துபார்த்தது. பெற்றோர்கள் 11 பேர் வழக்குப் போட்டார்கள். ஜார்ஜ் புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், வாரக்கணக்கில் இரு தரப்பு நிபுணர்களையும் கேட்டுவிட்டு, 2005 டிசம்பரில் இது அறிவியல் அல்ல, மதக் கருத்து என்று தீர்ப்பு எழுதினார். அதில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர், நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர்.

கொரோனாவைக் காரணம் காட்டியது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் 'உருமாறிய கொரோனா' என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசினார்கள். 2020 இறுதியில் நம் நாட்டில்தான் டெல்டா வகை முதலில் கண்டறியப்பட்டது. எளிதாகப் பரவும் வகை மற்றவற்றைத் தள்ளிவிட்டு ஊரெல்லாம் நிறைவது இயற்கைத் தேர்வு அல்லாமல் வேறென்ன? காசநோய்க்கு மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகிவிடும், அதனால் நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்வதும் இதே பாடம்தான். அந்தக் காலத்தில் இந்த அத்தியாயத்தின் பக்கங்கள் கூடியிருக்க வேண்டும்.

இடைப்பட்ட உயிரினங்களின் புதைபடிவங்கள் எங்கே என்று பரிணாமத்தை மறுப்பவர்கள் எப்போதும் கேட்பார்கள். பதில் நம் நாட்டு மண்ணிலேயே கிடக்கிறது. ஜம்மு-காஷ்மீரில், ஜம்மு பகுதியைச் சேர்ந்த காலாகோட்டில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்த பாறைகளுக்குள் இருந்து, அவர் மறைவுக்குப் பிறகு, இந்தோஹையஸ் வெளிப்பட்டது. சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பூனையைவிடச் சற்றுப் பெரிய, குளம்பு வைத்த பிராணி. அதன் காது எலும்பின் உட்சுவர், திமிங்கிலங்களுக்கு இருப்பதுபோல் தடித்திருந்தது. 2007இல் இது வெளியானபோது, திமிங்கிலத்தின் நிலத்து உறவினர் யார் என்ற கேள்விக்கு உலகமே காலாகோட்டைப் பார்த்தது. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தெரியாது.

சென்னையிலிருந்து அதிக தூரமில்லாத அத்திரம்பாக்கம் இன்னொன்று. கொசஸ்தலை ஆற்றுப் பக்கம், 1863இலேயே புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகள் கண்ட இடம். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே மறுபடி தோண்டி, அடியில் கிடந்த கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் சொன்னது. பூண்டி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்த வட்டாரக் கருவிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். இதை யார் செய்தது என்று கேட்பார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளுக்கே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் வயது. அப்படியானால் அந்தக் கோடரியைச் செதுக்கிய கை நம் இனத்தின் கை அல்ல, நமக்கு முன்னே இங்கு வாழ்ந்த வேறு மனித இனத்தின் கை. மனிதப் பரிணாமம் படிக்காத பிள்ளைக்கு இதை எந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொல்வது?

புதிய கலைத்திட்டத்தின்படி சில ஆண்டுகளாக நூல்களை மாற்றி வருகிறீர்கள். பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமத்தைத் திரும்ப வையுங்கள். கடைசி அத்தியாயத்தில் நேரமிருந்தால் படிக்கும் கூடுதல் தகவலாக இல்லாமல், தேர்வுக்கு உரிய பாடமாகவே வையுங்கள். இந்தோஹையஸும் அத்திரம்பாக்கமும் அதில் வரட்டும். பக்கம் போதவில்லை என்றால், உறுப்புகளின் பெயர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் இடங்களைக் குறையுங்கள். ஆசிரியர்கள் யாரும் வருத்தப்பட மாட்டோம். எதையாவது மறுபடி நீக்குவதாக இருந்தால், எந்தப் பாட வல்லுநர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை முன்கூட்டியே வெளியிட்டு, நடத்துகிற எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒருவர்