சிவப்பு மையும் கறுப்பு மையும்

அன்புள்ள ராஜேந்திரன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலையில் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். இளையவளுக்குத் தஞ்சாவூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். சீன மருந்து நூல்களின் வரலாறு. செடியைக் கண்டதும் அது எந்தக் குடும்பம் என்று கேட்பவன் நீ. பழைய சீன மருத்துவர்களோ, இது மனிதனை என்ன செய்யும் என்றுதான் முதலில் கேட்டார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவை ஆண்ட ஹான் மரபின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஷென்னோங் மருந்து நூல் 365 சரக்குகளை மூன்று தரமாக வைத்தது. நெடுநாள் உண்டாலும் கெடுதல் இல்லை, ஆயுளை வளர்க்கும் என்று நம்பப்பட்டவை முதல் தரம்: ஜின்செங் என்ற வேர், அதிமதுரம். நோயை அடித்து விரட்டும் கடுமையான சரக்குகள் கடைத்தரம்: வசநாபி இனக் கிழங்கு, நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் ரேவல்சின்னி. ஆனால் பாதரசம் கலந்த சாதிலிங்கமும் முதல் தரத்தில் இருக்கிறது! சாகாமை தேடி அத்தகைய மருந்துகளை உண்டு மாண்டவர்கள் எத்தனை பேரோ.

கி.பி. 500 வாக்கில் தாவோ ஹோங்ஜிங் என்பவர் சரக்குகளை 730 ஆகப் பெருக்கி, கல், செடி மரம், பூச்சி விலங்கு, பழம், காய்கறி, தானியம் என்று இயல்பை வைத்துப் பிரித்தார். மூன்று தரங்களை அவற்றுக்குள்ளே அடக்கினார். பழைய நூலின் வாசகத்தைச் சிவப்பு மையிலும், தாம் சேர்த்ததைக் கறுப்பிலும் எழுதினார். முன்னோர் சொல் எது, தன் சொல் எது என்று மறைக்காமல் காட்டிய அந்த நேர்மை என்னை நெகிழ வைக்கிறது. ஏழாவதாக ஒரு பிரிவும் வைத்தார்: பெயர் மட்டும் எஞ்சி, பயன் வழக்கொழிந்த சரக்குகளுக்கு.

659இல் சீனாவை ஆண்ட தாங் மரபின் அரசே ஒரு மருந்து நூல் தொகுத்தது. பிறகு வந்தவர் லி ஷிசென் என்ற மருத்துவர். 1578இல் முடித்து, அவர் மறைந்த பின் 1596இல் வெளிவந்த நூலில் 1,892 சரக்குகள், 16 பகுதிகள், 60 வகைகள். தண்ணீரில் தொடங்கி மனிதனில் முடிகிறது வரிசை. தரப் பிரிவு அங்கே சட்டகமாக இல்லை. பாதரச மோகத்தையும் கடுமையாகச் சாடினார். புகழெல்லாம் அவருக்கே போகிறது, தகுதியானவர்தான். ஆனாலும் அடித்தளம் தாவோ போட்டது என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் ஊர் மூலிகைப் பட்டியலில் பயன் தெரியாத பெயர்களை நீக்கப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் ராஜேந்திரா. அவற்றைத் தனிப் பகுதியாக வைத்தே அச்சுக்குக் கொடு. பொங்கலுக்கு வரும்போது கைப்பிரதியை எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சுந்தரம்