லாரிக்கு ஏ.சி. வந்தாச்சு, கன்டென்சரை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், சரக்கோடு சேர்த்த மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கெல்லாம் ஏ.சி. கேபின் கட்டாயம் என்ற விதியைப் பாராட்டி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கரூர் பரமத்தி வெயிலில் மத்தியானம் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாரண்டி முடிந்த பிறகு அந்த ஏ.சி.யின் கதி என்ன என்று யாரும் பேசக் காணோம். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிறவன் சொல்கிறேன், அதிகமாக அடிவாங்கப் போவது, கேபினிலிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளும் கன்டென்சர்தான்.

அது இருக்கும் இடம் அப்படி. பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் கிரில்லை ஒட்டி நிற்கிறது, ரோட்டுக் கல், பூச்சி, சேறு எல்லாம் முதலில் அதன் மேல்தான் விழும், கோழித்தீவன மில்லுக்குப் போய்வரும் வண்டி என்றால் தவிட்டுத் தூசியும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். இது போதாதென்று நம் ஆட்கள் கிரில்லை மறைத்துப் பெயர்ப் பலகை, கூடுதல் லைட், கம்பி வலை என்று அலங்காரம் வேறு செய்கிறார்கள். அப்புறம் காற்று எங்கே போகும்?

குளிர் குறைந்தால் பட்டறையில் முதலில் வரும் பதில் “கேஸ் தீர்ந்துபோச்சு”. ஏ.சி. கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்வதற்கு? குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிப்பது வீண்செலவு. ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து டோல்கேட்டில் நின்றதும் சூடாக வருகிறதா, முதலில் ஃபேனையும் கன்டென்சர் அடைப்பையும் பாருங்கள், பல நேரம் தண்ணீர் விட்டுக் கழுவினாலே சரியாகிவிடும். ஆனால் வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடுகளெல்லாம் மடங்கிப் படுத்துவிடும்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், அளவு ஒத்துப்போகிறது என்பதற்காகக் கார் கன்டென்சரை வாங்கி மாட்டாதீர்கள். போன கோடையில் ஒரு பட்டறையில் என் ஆறு சக்கர வண்டிக்கு அப்படித்தான் செய்தார்கள். பார்க்கப் பொருந்தியது, வெப்பத்தை வெளியே தள்ளும் திறன் போதவில்லை, பிரஷர் ஏறி ஏறிக் கடைசியில் கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசர் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. கம்ப்ரசர் போனால் அதன் உலோகத் தூள் கன்டென்சருக்குள் போய்ச் சிக்கும். இப்போது வரும் பேரலல் ஃப்ளோ (பல குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடும்) வகையில் குழாய்கள் அவ்வளவு மெல்லிசு, திரவம் விட்டு அலசி ஃப்ளஷ் செய்தாலும் அடைபடாத வழியில்தான் திரவம் ஓடும், அடைப்பு அப்படியே நிற்கும். அதனால் அந்த நேரத்தில் கன்டென்சரையும் சேர்த்து மாற்றுவதைத் தவிர வழியில்லை.

வாங்கும்போது பார்ட் நம்பர், பைப் வாய் இருக்கும் பக்கம், பிராக்கெட், ஃபேன் இருந்தால் அது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். கன்டென்சரைத் தாங்கும் ரப்பர் புஷ் இற்றுப்போயிருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதிர்விலேயே புதுசும் விரிசல் விடும். சிஸ்டத்தைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும், இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்களும் புதுசு போடவேண்டும், பழைய கன்டென்சரோடு போன கம்ப்ரசர் ஆயிலை ஈடுகட்டவேண்டும், கசிவு பார்க்க நைட்ரஜன்தான், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் காற்றை விட்டால் ஈரம் உள்ளே போய்விடும். பிறகு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி வேக்கம் போட்டு, வண்டி ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி ஆர்134ஏ கேஸ். இதில் வேக்கத்தைத்தான் அவசரத்தில் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள், அரைமணி நேரமாவது பம்ப் ஓடட்டும், பக்கத்திலேயே நில்லுங்கள். விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையைக் கலந்து விற்பதை மட்டும் தொடாதீர்கள், கேபினுக்குள் கசிந்தால் ஒரு பீடி நெருப்பு போதும்.

விதி போட்ட அரசு இந்த ரிப்பேரையும் கொஞ்சம் யோசிக்கட்டும். கேஸ் எடை, ஆயில் வகை, கன்டென்சர் பார்ட் நம்பர் மூன்றையும் கேபின் கதவில் அழியாத தகட்டில் தமிழிலும் அடிக்கச் சொல்லலாம். ஐ.டி.ஐ.களில் லாரி ஏ.சி.க்கென்று குறுகிய பயிற்சி நடத்தலாம், அதையும் நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரித் தொழில் இருக்கும் ஊர்களில் முதலில் தொடங்கினால் அடுத்த சித்திரைக்குள் கொஞ்சம் பேராவது தேறுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்,
நாமக்கல்.